மேசைமேல் உருளும் கைத்தாங்கி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

முன்கையைத் தாங்கிக்கொண்டு மேசைமேல் எல்லாத் திசைகளிலும் உருளும் சிறு தட்டு ஒன்றை வீட்டிலேயே செய்துகொள்வது பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். தோளில் வலுவில்லாதவர்கள் கையின் எடையைத் தாங்களே தூக்காமல், அந்தத் தட்டின்மேல் கிடத்திவிட்டு நகர்த்தினால் போதும் என்பதே அதன் அடிப்படை. செய்து பார்த்தவர்கள் அனுப்பிய கேள்விகளில், பலருக்கும் பயன்படக்கூடியவற்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: என் கணவருக்குப் பக்கவாதத்தால் வலது கை தளர்ந்துவிட்டது. ஒட்டுப்பலகை ஒன்றில் நான்கு சிறிய சுழல் சக்கரங்களைப் பொருத்திக் கொடுத்தோம். முன்னே தள்ளும்போது நன்றாகவே போகிறது. பின்னால் இழுக்கும்போது பக்கவாட்டில் ஒரு வெட்டு வெட்டிவிட்டுத்தான் திரும்புகிறது. அவர் பயந்து நிறுத்திவிடுகிறார். இன்னும் நல்ல சக்கரமாக வாங்கினால் சரியாகிவிடுமா?

பதில்: சக்கரத்தின் தரத்தில் குறை இல்லை, அம்மா. அதன் அமைப்பே அப்படிப்பட்டது. ஒரு சக்கரத்தைக் கழற்றிப் பக்கவாட்டிலிருந்து பாருங்கள். மேலே அது சுழலும் ஆணிக்கு நேர் கீழே சக்கரத்தின் அச்சு இருக்காது. 12 அல்லது 15 மி.மீ. தள்ளியே இருக்கும். அந்த விலகல் இருப்பதால்தான், போகும் திசைக்குப் பின்பக்கமாகச் சக்கரம் தானே வந்து நின்றுகொள்கிறது. முன்னே தள்ளிக்கொண்டு போனவர் பின்னால் இழுத்தால், ஒவ்வொரு சக்கரமும் தன் ஆணியைச் சுற்றி அரைவட்டம் அடித்து மறுபக்கம் வந்தாக வேண்டும்; வரும் வழியில் அது தட்டைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. நான்கு சக்கரங்களும் ஒரே நேரத்தில் ஒரே பக்கமாகத் திரும்புவதில்லை. ஒன்று இடப்பக்கம் தள்ள, இன்னொன்று வலப்பக்கம் தள்ள, நீங்கள் சொல்லும் அந்த வெட்டு உண்டாகிறது.

நல்ல வலுவுள்ள கைக்கு இது தெரியவே தெரியாது. உங்கள் கணவரின் கைக்குத் தெரியும். தசையின் வலுவை மருத்துவர்கள் 0 முதல் 5 வரை மதிப்பிடுவது வழக்கம். புவியீர்ப்பை எதிர்த்துக் கையைத் தூக்க முடிந்தால் 3 என்றும், தூக்க முடியாவிட்டாலும் எடையை வேறொன்று தாங்கும்போது அசைக்க முடிந்தால் 2 என்றும் கணக்கு. இந்த உருளும் தட்டு பெரிதும் பயன்படுவது அந்த இரண்டாம் நிலையில் இருப்பவர்களுக்குத்தான். 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு ஒரு முழுக்கையின் எடை ஏறத்தாழ 3 கிலோ. முழங்கைக்குக் கீழே உள்ள பகுதி மட்டும் 1.3 கிலோ. மேற்கையின் எடையில் ஒரு பங்கும் முழங்கை வழியாக இறங்குவதால், தட்டின்மேல் 2 கிலோ வரை அமர்கிறது என்று கொள்ளலாம். அதைத் தூக்க முடியாத தோள், ஐம்பது நூறு கிராம் விசையில் பக்கவாட்டில் நகர்த்திவிடும். ஆனால் எதிர்பாராத திசையிலிருந்து வரும் ஒரு தள்ளலைச் சமாளிக்க அதனிடம் மிச்சம் எதுவும் இருக்காது.

நான் முதலில் செய்த தட்டிலும் இதே சக்கரங்கள்தான் இருந்தன. அதைப் பெரியவர் ஒருவரின் கைக்கடியில் வைத்து நகர்த்தச் சொன்னபோது, திரும்பும் இடம் வந்ததும் அவருடைய கட்டைவிரல் தட்டின் விளிம்பைக் கெட்டியாகப் பற்றிக்கொண்டது. நகம் வெளுக்கும் அளவுக்கு அழுத்தம். அவர் ஒன்றும் குறை சொல்லவில்லை, விரல்தான் சொன்னது. அன்றிலிருந்து எந்தத் தட்டைச் செய்தாலும் நான் முதலில் பார்ப்பது விரல்களைத்தான். விரல்கள் தளர்ந்து கிடந்தால் தட்டு சரியாக உருள்கிறது. பற்றிக்கொண்டால் எங்கோ தவறு இருக்கிறது. நீங்களும் கணவரின் முகத்தைவிட விரல்களையே கவனியுங்கள்.

சுழல் சக்கரத்துக்கு இன்னொரு குறையும் உண்டு. ஆணிக்கும் அச்சுக்கும் இடையிலான விலகல் 15 மி.மீ. என்றால், அதைவிடச் சிறிய அசைவுகளில் சக்கரம் திசை திரும்பி முடிப்பதே இல்லை. உருளாமல் தேய்ந்துகொண்டே நகர்கிறது. மேசையைத் துடைப்பது போன்ற அகன்ற வீச்சுக்கு அது ஓரளவு ஒத்துவரும்; எழுதுவதற்கும் தட்டச்சு செய்வதற்கும் உதவாது.

ஆகவே பால் கேஸ்டருக்கு மாறுங்கள். ஒரு கிண்ணத்துக்குள் பொடிக் குண்டுகள் பல இருக்க, அவற்றின்மேல் ஒரு பெரிய குண்டு அமர்ந்து சுழலும் அமைப்பு அது. அதற்கு முன் பின் என்ற பேதமே இல்லை. எந்தத் திசையில் தள்ளினாலும் அந்தக் கணமே அங்கே உருளும். குண்டு கீழ்நோக்கி இருக்கும்படி பொருத்துவதற்கு ஏற்றதா என்று கேட்டு வாங்குங்கள். சில வகைகள் குண்டு மேல்நோக்கி இருக்கும்போதுதான் நன்றாகச் சுழலும்.

நான்குக்குப் பதில் மூன்று போதும். மூன்று கால் எந்த மேசையிலும் ஆடாது. நான்கில் ஒன்று எப்போதும் அந்தரத்தில் நின்று தட்டும். முழங்கைப் பக்கம் 12 செ.மீ. இடைவெளியில் இரண்டு, அங்கிருந்து 16 செ.மீ. முன்னே நடுவில் ஒன்று என்று அமைத்தால், முன்பக்கம் ஒடுங்கி விரல்களுக்கு வழிவிடும். கையின் சுமை பின் குண்டுகளிலிருந்து 5 செ.மீ.க்குச் சற்றே கூடுதலான தொலைவில் விழுமாறு பார்த்துக்கொண்டால் மூன்று குண்டுகளும் சமமாகச் சுமக்கும்; கை அங்கிருந்து பக்கவாட்டில் 4 செ.மீ. வரை சாய்ந்தாலும் தட்டு கவிழாது.

கேள்வி: நான் படம் வரைபவன். தோள்வலிக்காக, 16 மி.மீ. குண்டுகள் கொண்ட தாங்கி ஒன்றைச் செய்துகொண்டேன். வெறும் மேசையில் வெண்ணெய்போல் ஓடுகிறது. வரையும் தாளின் விளிம்பில் ஏறும்போது மட்டும் தடுக்கிக் கோடு கோணிவிடுகிறது. ஒரு தாளின் கனம் இவ்வளவு தடுக்குமா? பெரிய குண்டு போடலாமா?

பதில்: தடுக்கும். கணக்கைப் பார்த்தால் வியப்பாகவே இருக்கும். சாதாரண நகல்தாளின் கனம் ஏறத்தாழ 0.1 மி.மீ. 16 மி.மீ. விட்டமுள்ள ஒரு குண்டு அந்தப் படியில் ஏற, தன்மேல் உள்ள சுமையில் ஆறில் ஒரு பங்கு விசையைக் கேட்கிறது. உங்கள் கை 2 கிலோவாக அழுத்துகிறது, அது மூன்று குண்டுகளுக்கும் சமமாகப் பகிர்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வழவழப்பான மேசையில் தட்டை நகர்த்த மொத்தமாக 40 கிராம் அளவு விசை போதும். ஒரு குண்டு தாளின் விளிம்பைத் தொட்ட நொடியில் கூடுதலாக 100 கிராமுக்கு மேல் தேவைப்படுகிறது. 40 கிராமுக்குப் பழகிய கை திடீரென்று 140 கிராமைச் சந்திக்கிறது. ஏறி முடித்ததும் அந்த விசை மிச்சப்பட்டு, கை முன்னே பாய்கிறது. கோடு கோணுவது தடுக்கும்போது மட்டும் அன்று, விடுபடும்போதும்தான்.

குண்டைப் பெரிதாக்குவதில் ஆதாயம் குறைவு. விட்டத்தை 24 மி.மீ. ஆக்கினாலும் நூற்றுக்குப் பதினாறாக இருந்த தடை பதிமூன்றாகத்தான் இறங்கும். அதற்கு விலையாகத் தாங்கியின் உயரம் கூடும், உயரம் கூடினால் தோள் மேலேறும், எந்தத் தோளுக்காகச் செய்தீர்களோ அதே தோள் மறுபடி வலிக்கும். குண்டை விட்டுவிட்டுப் படியை அகற்றுங்கள். தாளைச் சுற்றி அதே கனமுள்ள தாள்களை இடைவெளியின்றி ஒட்டி வைத்தால் படி மறைந்து மெல்லிய கோடுபோன்ற இடுக்கு மட்டுமே மிஞ்சும். குண்டு அதை உணராது. அதற்கும் நேரம் இல்லாதபோது, தாளைச் சற்றே சாய்த்து வையுங்கள். நேராக வைத்தால் பின்பக்கக் குண்டுகள் இரண்டும் ஒரே நொடியில் விளிம்பில் மோதும். சாய்த்து வைத்தால் ஒன்றன்பின் ஒன்றாக ஏறும், தடுக்கல் பாதியாகும்.

எஃகுக் குண்டு தாளில் மெல்லிய தடம் பதிக்கும் என்பதையும் கவனித்திருப்பீர்கள். பென்சில் வேலைக்கு அது ஆகாது. வரைபவர்கள் நைலான் குண்டு உள்ள வகையையே தேர்ந்தெடுப்பது நல்லது. உருளும் சத்தமும் அடங்கிவிடும்.

கேள்வி: சக்கரமும் குண்டும் எதற்கு? தட்டின் அடியில் கம்பளித் துண்டோ டெஃப்லானோ ஒட்டிவிட்டால் வழுக்கிக்கொண்டு போகாதா?

பதில்: போகும். ஆனால் வழுக்குவதும் உருள்வதும் கைக்கு ஒன்றாகத் தெரிவதில்லை. மரமேசைமேல் கம்பளித் துண்டு சுமையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் விசையைக் கேட்கும். 2 கிலோவுக்கு அது 400 கிராம். டெஃப்லான் நல்ல வழவழப்பான பரப்பில் 100 முதல் 200 கிராமில் நகரும். பால் கேஸ்டருக்கு 40 கிராம் போதும் என்று மேலே சொன்னேன். எண்களைவிட முக்கியமானது வேறு. வழுக்கும் பொருள்கள் பலவற்றில், நிற்கும் தட்டை அசைக்கத் தேவைப்படும் விசை, அசைந்தபின் அதை ஓட்டத் தேவைப்படும் விசையைவிட அதிகம். எனவே கை முதலில் இறுகி அழுத்துகிறது, தட்டு சட்டென்று பிய்த்துக்கொண்டு ஓடுகிறது, கை பதறி நிறுத்துகிறது, மறுபடி இறுகுகிறது. மெதுவாக, நுணுக்கமாக நகர்த்த நினைக்கும் இடத்தில்தான் இந்தத் தொல்லை மிகுதி. தொடங்கும்போதும் ஓடும்போதும் ஒரே அளவான தடை, எல்லாத் திசையிலும் ஒரே அளவான தடை, இவை இரண்டும் இருந்தால் அந்தத் தடை கொஞ்சம் கூடுதலாக இருந்தால்கூடக் கை அதற்குப் பழகிக்கொள்ளும். சீரற்ற தடைக்குக் கை பழகுவதே இல்லை.

உங்கள் தட்டு எப்படி இருக்கிறது என்று அறிய ஒரு எளிய சோதனை உண்டு. ஒரு மீட்டர் நீளமுள்ள வழவழப்பான பலகையின்மேல் தட்டை வைத்து, அதன்மேல் 2 லிட்டர் தண்ணீர்ப் புட்டியைப் படுக்கவைத்துக் கட்டுங்கள். பலகையின் ஒரு முனையை மெல்ல உயர்த்துங்கள். முனை 2 செ.மீ. உயர்ந்ததும் தட்டு தானே நகரத் தொடங்கினால் தடை நூற்றுக்கு இரண்டு, 10 செ.மீ. வரை உயர்த்த வேண்டியிருந்தால் நூற்றுக்குப் பத்து. தட்டின் முகத்தை நான்கு பக்கமும் திருப்பித் திருப்பி வைத்து இதையே செய்யுங்கள். நான்கு முறையும் ஏறத்தாழ ஒரே உயரம் வந்தால் அது நல்ல தட்டு. சுழல் சக்கரங்கள் கொண்ட தட்டை இப்படிச் சோதித்தால், சக்கரங்கள் எந்தப் பக்கம் பார்த்து நிற்கின்றன என்பதைப் பொறுத்து உயரம் மாறிக்கொண்டே இருப்பதைக் காணலாம்.

கம்பளித் துண்டை நான் ஒதுக்கிவிடச் சொல்லவில்லை. அதற்குரிய இடம் அடுத்த கேள்வியில் வருகிறது.

கேள்வி: என் அம்மாவுக்குக் கை நடுக்கம். உருளும் தாங்கியில் கையை வைத்தால் நடுக்கம் குறையும் என்று நம்பினோம். எதையாவது எடுக்கப் போகும்போது தட்டும் சேர்ந்து நடுங்குகிறது. என்ன செய்யலாம்?

பதில்: தடையே இல்லாத தட்டு, நடுக்கத்துக்கும் தடை சொல்லாது. அம்மாவுக்குக் கை சும்மா இருக்கும்போது நடுக்கம் அதிகமா, எதையாவது செய்ய முனையும்போது அதிகமா என்று பாருங்கள். பார்க்கின்சன் நோயில் பெரும்பாலும் ஓய்ந்திருக்கும் கை நொடிக்கு 4 முதல் 6 முறை நடுங்கும், வேலையில் இறங்கியதும் ஓரளவு அடங்கும். வேலை செய்யும்போதே எழும் நடுக்கம் வேறு வகை. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் இரண்டாவதுபோல் தெரிகிறது. என்றாலும் அதை மருத்துவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

தாங்கியில் இரண்டு மாற்றங்களைச் செய்யலாம். தட்டின் அடியில் ஒரு கிலோ அளவுக்கு இரும்புத் தகட்டை ஏற்றுங்கள். எடை கூடினால் தட்டு சிறு வேகமான அசைவுகளுக்கு எளிதில் இசையாது, மெதுவான அசைவுகளுக்கு இசையும். உருளும் தட்டின் எடையை அம்மா தூக்கப் போவதில்லை என்பதால் அது அவருக்குப் பாரமாகவும் தெரியாது. அது போதாவிட்டால், தட்டின் நடுவில் கம்பளித் துண்டு ஒன்றை மெல்லிய ஸ்பிரிங்கால் மேசையை லேசாக உரசும்படி விடுங்கள். ஸ்பிரிங்கை முடுக்கத் திருகாணி ஒன்று வைத்தால், அன்றன்றைய நிலைமைக்கேற்ப உரசலைக் கூட்டிக் குறைக்க முடியும்.

கேள்வி: தாங்கியில் அரை மணி நேரம் கை வைத்திருந்தால் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகின்றன. பஞ்சு மெத்தை இன்னும் தடிமனாகப் போட வேண்டுமா?

பதில்: மெத்தையைத் தொடாதீர்கள், தட்டின்மேல் முன்கையைக் கிடத்தும் அரைக்குழாய் போன்ற தொட்டியின் நீளத்தைக் குறையுங்கள். அந்த இரண்டு விரல்களும் ஒன்றாக மரத்தால், முழங்கையின் உட்பக்கத்து எலும்புக்குப் பின்னால் ஓடும் நரம்பு அழுந்துகிறது என்று முதலில் சந்தேகிக்க வேண்டும். கதவு நிலையில் முழங்கை இடித்தால் மின்சாரம் பாய்ந்ததுபோல் சுள்ளென்று இறங்குமே, அதே நரம்புதான். அங்கே அதன்மேல் தோலைத் தவிரப் பெரிய பாதுகாப்பு இல்லை. எவ்வளவு மெத்தை போட்டாலும் அழுத்தம் சற்றுப் பரவுமே தவிர விலகாது.

முன்கையைத் தொட்டியில் வைத்துவிட்டு, முழங்கையின் முனையிலிருந்து மூன்று விரல் அகலம் அளந்து ஒரு கோடு போடுங்கள். தொட்டி அந்தக் கோட்டோடு முடிய வேண்டும். முன்பக்கம் மணிக்கட்டின் மடிப்புக்கு இரண்டு விரல் முன்பாகவே நின்றுவிட வேண்டும். மணிக்கட்டின் உட்புறத்திலும் ஒரு நரம்பு குறுகலான வழியில் செல்கிறது, அங்கேயும் அழுத்தம் ஆகாது. இடையில் இருக்கும் சதைப்பற்றான பகுதியே கையைத் தாங்க ஏற்ற இடம்.

தொட்டிக்கு நான் விரும்புவது 110 மி.மீ. பி.வி.சி. குழாயை நீளவாக்கில் பிளந்து கிடைக்கும் பாதி. அதன் வளைவு பெரியவர்களின் முன்கைக்கு ஏறத்தாழப் பொருந்தும். வெட்டிய விளிம்புகளை அரத்தால் ராவி, உப்புத்தாள் போட்டு மழுங்கச் செய்யுங்கள். முன், பின் விளிம்புகளைக் கொதிக்கும் தண்ணீரில் ஒரு நிமிடம் அமிழ்த்தினால் பி.வி.சி. இளகும், அப்போது தடித்த கையுறை போட்டுக்கொண்டு வெளிப்பக்கமாக லேசாக விரித்துவிடுங்கள். நெருப்பில் காட்டி வளைக்கவே வேண்டாம், அதன் புகை நச்சு. உள்ளே 5 அல்லது 6 மி.மீ. நுரைப்பட்டையும் அதன்மேல் கழற்றித் துவைக்கக்கூடிய பருத்தித் துணியும் போதும். வியர்வை ஊறிய நுரையில் தோல் வெந்துபோவதைப் பலரும் கவனிப்பதில்லை.

வெல்க்ரோ பட்டை கட்டினால் அதனடியில் இரண்டு விரல் தாராளமாக நுழைய வேண்டும். உணர்ச்சி குறைந்த கைக்கு இது செய்பவர் என்றால், தட்டிலிருந்து கையை எடுத்ததும் தோலைப் பாருங்கள். சிவந்த இடம் இருபது நிமிடத்துக்குள் மறையாவிட்டால் அந்த இடத்தில் தொட்டியைத் திருத்தியாக வேண்டும். தொட்டியைத் திருத்திய பிறகும் மரத்துப்போவது நிற்கவில்லை என்றால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

உயரத்தைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தொட்டியின் உட்புறம் மேசையிலிருந்து 3 செ.மீ.க்கு மேல் இருந்தால், பலரும் தம்மை அறியாமல் தோளைக் காதுப்பக்கம் தூக்கிக்கொண்டு உட்காருகிறார்கள். தாங்கியைத் தாழ்வாகச் செய்ய முடியாதபோது நாற்காலியை உயர்த்தி, கால்களுக்கு ஒரு பலகை வையுங்கள்.

கேள்வி: கையை எடுத்தாலும் தட்டு தானாகவே மேசையின் ஒரு மூலையை நோக்கிப் போகிறது. சக்கரத்தில் கோளாறா?

பதில்: மேசையில் கோளாறு. தடை நூற்றுக்கு ஒன்றாக இருக்கும் நல்ல தட்டு, 60 செ.மீ. அகல மேசையின் ஒரு பக்கம் 6 மி.மீ. தாழ்ந்திருந்தாலே ஓடத் தொடங்கும். கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டத்தைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்துப் பார்த்து, மேசைக்காலுக்கு அடியில் அட்டை கொடுங்கள். ரசமட்டம் இல்லையென்றால் ஒரு கோலிக்குண்டு போதும்.

கேள்வி: அப்பா எழுந்திருக்கும்போது பழக்கத்தில் தாங்கியின்மேலேயே கையை ஊன்றிவிட்டார். அது வழுக்கி ஓட, விழப் பார்த்தார். அன்றிலிருந்து அதை எடுத்து வைத்துவிட்டோம்.

பதில்: நீங்கள் எடுத்து வைத்தது சரியே. நன்றாக உருளும் எதுவும் ஊன்றுவதற்கு ஆகாது. வயதானவர் அதை ஒவ்வொரு முறையும் நினைவில் வைத்திருப்பார் என்று எதிர்பார்க்கவும் கூடாது. தாங்கியே அதைச் சமாளிக்குமாறு செய்ய வேண்டும்.

நூலகங்களில் உயரத் தட்டிலிருந்து புத்தகம் எடுக்க, வட்டமான படிக்கட்டு ஸ்டூல் ஒன்று இருக்கும். காலால் தள்ளினால் உருண்டு வரும். மேலே ஏறி நின்றால் அசையாது. உள்ளே சக்கரங்கள் ஸ்பிரிங்கில் தொங்குகின்றன. ஆள் ஏறியதும் ஸ்பிரிங் அமுங்கி, சக்கரங்கள் உள்ளே போய், ரப்பர் விளிம்பு தரையில் அமர்கிறது. அதே அமைப்பை இங்கே சிறிய அளவில் செய்யலாம். மூன்று பால் கேஸ்டர்களையும் தட்டில் இறுக்காமல், ஒவ்வொன்றையும் ஒரு துளைக்குள் மேலும் கீழும் நகரும்படி விட்டு, மேலிருந்து ஒரு ஸ்பிரிங்கால் அழுத்துங்கள். தட்டின் அடியில் மூன்று ரப்பர் பாதங்களை மேசைக்கு 2 மி.மீ. மேலே நிற்கும்படி ஒட்டுங்கள்.

ஸ்பிரிங்கைத் தேர்ந்தெடுப்பதில்தான் கவனம் வேண்டும். வெறும் மெல்லிய ஸ்பிரிங் போட்டால் கையை வைத்ததுமே அமுங்கித் தட்டு நின்றுவிடும். பொருத்தும்போதே ஸ்பிரிங்கைச் சற்று அமுக்கி வைத்துப் பூட்ட வேண்டும். ஒவ்வொன்றும் 800 கிராம் வரை அசையாமல் நின்று, 1,300 கிராமில் அந்த 2 மி.மீ. முழுவதும் இறங்குமாறு இருந்தால், மூன்றுக்கும் சேர்த்து 2.4 கிலோ வரை தட்டு உருளும், 4 கிலோவை நெருங்கும்போது ரப்பர் பிடித்துக்கொள்ளும். கிடத்திய கை 2 கிலோவைத் தாண்டுவதில்லை. ஊன்றும் கை நொடியில் 10 கிலோவைத் தாண்டிவிடும். இரண்டுக்கும் இடையே போதிய இடைவெளி இருக்கிறது. அப்பாவின் கையில் வைப்பதற்கு முன், நீங்களே பல கோணங்களில் ஊன்றிப் பாருங்கள். குறிப்பாக முன் மூலையில் ஊன்றினால் தட்டு கவிழாமல் அமர்கிறதா என்று பாருங்கள். மேசையின் விளிம்பைச் சுற்றி ஒரு விரல் உயரத்துக்கு மரச்சட்டம் அடித்துவிட்டால் தட்டு கீழே விழும் கவலையும் இல்லை. இவ்வளவுக்குப் பிறகும், எழும்போது பிடித்துக்கொள்ள அசையாத ஒரு கைப்பிடியை அவருக்கு எட்டும் இடத்தில் வைத்தே தீர வேண்டும்.

கேள்வி: நான் ஒன்பதாம் வகுப்பு மாணவி. கேஸ்டர் வாங்காமல், தட்டின் அடியில் கோலிக்குண்டுகளைப் பரப்பினால் போதாதா?

பதில்: நல்ல யோசனை, செய்து பார். ஒன்றை எதிர்பார்த்துச் செய். தட்டு 10 செ.மீ. நகரும்போது குண்டு 5 செ.மீ. மட்டுமே உருளும். அதனால் குண்டுகள் தட்டுக்குப் பின்னே தங்கிக்கொண்டே வந்து, கடைசியில் வெளியே கழன்றுவிடும். 20 செ.மீ. நீளத் தட்டின் நடுவில் இருக்கும் குண்டு, தட்டு 20 செ.மீ. போனதும் விளிம்புக்கு வந்துவிடும். ஓரத்தில் இருப்பவை அதற்கு வெகு முன்பே கழன்றுவிடும். எல்லாக் கோலிகளும் ஒரே அளவாக இருக்காது என்பதால் தட்டு உண்மையில் பெரிய கோலிகள் மூன்றின்மேல்தான் நிற்கும், மற்றவை சும்மா உருளும்.

மெல்லிய அட்டை ஒன்றில் குண்டைவிடச் சற்றே பெரிய துளைகள் இட்டு, ஒவ்வொரு துளையிலும் ஒரு குண்டை விட்டு, தட்டுக்கும் மேசைக்கும் நடுவே அந்த அட்டையை வைத்துப் பார். குண்டுகள் சிதறாது. அட்டை தட்டின் பாதி வேகத்தில் பின்தொடர்ந்து வரும். பேரிங் வைத்த இழுப்பறை இருந்தால் பாதி திறந்து பக்கவாட்டுத் தகட்டைக் கவனி. குண்டுகளைப் பிடித்திருக்கும் சட்டம் இழுப்பறையின் பாதித் தூரமே வந்திருக்கும். எழுதுவதுபோலச் சிறிய வட்டத்துக்குள் அசையும் கைக்கு இந்த அமைப்பு கேஸ்டரைவிடவும் மென்மையாக இருக்கும்.

கேள்வி: மூன்று மாதம் நன்றாக ஓடிய குண்டுகள் இப்போது கரகரவென்கின்றன. எண்ணெய் விட்டும் சரியாகவில்லை.

பதில்: எண்ணெய்தான் காரணமாக இருக்கக்கூடும். மேசைத் தூசியும் துணியின் பிசிறும் எண்ணெயோடு சேர்ந்து, கிண்ணத்துக்குள் இருக்கும் பொடிக் குண்டுகளுக்கிடையே களிம்பாக இறுகிவிடும். தட்டைக் கவிழ்த்து, ஒவ்வொரு குண்டையும் கட்டைவிரலால் எல்லாப் பக்கமும் உருட்டிப் பாருங்கள். விளிம்பில் முடியோ நூலோ சுற்றியிருந்தால் ஊசியால் எடுங்கள். குண்டைக் கழற்ற முடிகிற வகை என்றால், மண்ணெண்ணெயில் கழுவி முற்றிலும் உலர்த்தி, எண்ணெயின்றியே மீண்டும் பொருத்துங்கள். அதன்பிறகும் விரலில் மணல்போல் உறுத்தினால் உள்ளே துருப்பிடித்திருக்கிறது. அந்த ஒன்றை மட்டும் மாற்றினால் உயரம் வேறுபடலாம், எனவே மூன்றையும் சேர்த்து மாற்றிவிடுங்கள். புதியவை துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும். வேலை முடிந்ததும் தட்டைக் குண்டுகளின்மேல் நிறுத்தாமல் பக்கவாட்டில் சாய்த்து, மேசையை உலர்ந்த துணியால் ஒருமுறை துடைத்துவிடுங்கள்.